ஒரு ஸ்டூல், ஒரு பியானோ, இரண்டு பாட்டிகள்

காபரே என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். எழுபதுகளின் தமிழ் சினிமா. நட்சத்திர ஹோட்டல், சிவப்பு விளக்கு, கோட்டுப் போட்ட வில்லன், கையில் கோப்பை. ஜிகினா உடையில் ஒரு பெண் வளைந்து வளைந்து ஆடுவார். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு ஹீரோ மாறுவேடத்தில் கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பார். பாட்டு முடியவும் துப்பாக்கி வெடிக்கவும் சரியாக இருக்கும்.

மன்னிக்கவும். நம்மூருக்கு வந்து சேர்ந்தது பெயர் மட்டும்தான். சரக்கு வேறு.

உண்மையான காபரேவுக்கு ஜிகினா அவசியமில்லை. நடனம்கூட அவசியமில்லை. ஒரு சின்ன அறை. நூறு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். மேஜைகள், மேஜை மேல் கிளாஸ்கள். ஓரத்தில் ஒரு பியானோ. அதன் பக்கத்தில் ஒரே ஒரு ஆள். அவர் பாடுவார், பேசுவார், கேலி செய்வார், திடீரென்று அழ வைப்பார். முதல் மேஜைக்காரர் கை நீட்டினால் அவரைத் தொட்டுவிடலாம். அவர் வியர்ப்பது தெரியும். வார்த்தையை மறந்து ஒரு விநாடி விழித்தால் அதுவும் தெரியும். ஒளிந்துகொள்ள அங்கே திரை இல்லை. காட்சி முடிந்தது என்று ஓடிவிடவும் வழியில்லை.

பெரிய நாடக மேடையில் கொடி கட்டிப் பறந்து, டிவியில் கோடிக்கணக்கான பேர் பார்த்த நடிகர்கள்கூட இந்த அறை என்றால் உள்ளூர நடுங்குவார்கள். அப்படி நடுங்கிய ஒருவரையும், நடுங்கியதாகக் காட்டிக்கொள்ளாத ஒருவரையும் பற்றித்தான் இந்த வாரம். இருவரும் அமெரிக்கர்கள். இருவரும் பெண்கள். நாற்பதுகளில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 1985ல் இருவரும் ஒரே வேடத்துக்கு அடிபட்டார்கள். 2002ல் ஒரே பரிசுக்கு மோதினார்கள். அப்போது ஒருவருக்கு வயது 77. இன்னொருவருக்கு 80.

அவர்களிடம் போவதற்கு முன்னால், அந்தச் சின்ன அறை எங்கிருந்து வந்தது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

1881, நவம்பர். பாரிஸின் மான்மார்த்ர் பகுதியில் ரொடோல்ஃப் சாலி என்பவர் ஒரு மதுக்கடை திறந்தார். பெயர், கறுப்புப் பூனை. கவிஞர்களும் ஓவியர்களும் இசைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார்ந்து குடிப்பானேன், எழுந்து ஏதாவது பாடுங்களேன் என்று ஆரம்பித்ததுதான். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எரிக் சாட்டி அங்கே பியானோ வாசித்தவர். கடை வேறு இடத்துக்கு மாறியதும் பழைய இடத்தில் அரிஸ்டிட் ப்ரூவான் என்ற பாடகர் தன் கடையைப் போட்டார். அவருடைய ஸ்பெஷாலிட்டி என்ன தெரியுமா? வருகிற வாடிக்கையாளர்களை வாசலிலேயே கன்னாபின்னாவென்று திட்டுவது. பணக்காரர்கள் காசு கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆக, மேடைக்கும் பார்வையாளனுக்கும் நடுவே இருந்த கண்ணுக்குத் தெரியாத சுவரை இடித்ததுதான் காபரே செய்த முதல் காரியம்.

1901ல் இது ஜெர்மனிக்குப் போனது. அங்கே அரசியல் சேர்ந்துகொண்டது. முதல் உலகப்போருக்குப் பிறகு பெர்லினில் மூலைக்கு ஒரு காபரே. யாரையும் விடவில்லை. ஹிட்லர் வந்த பிறகும் கொஞ்ச காலம் நாக்கு அடங்கவில்லை. வெர்னர் ஃபிங்க் என்று ஒருவர். 'கட்டகோம்பே' என்ற சின்ன அரங்கத்தை நடத்தினார். கூட்டத்தில் உட்கார்ந்து ரகசிய போலீஸ் குறிப்பெடுப்பதைப் பார்த்தால் பேச்சை நிறுத்தி அக்கறையாக விசாரிப்பார். நான் பேசுவதை உங்களால் தொடர முடிகிறதா, இல்லை நான்தான் உங்களைத் தொடர்ந்து வரவேண்டுமா? அறையே சிரிக்கும். 1935ல் அரங்கத்தை இழுத்து மூடினார்கள். ஃபிங்க் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஒரு சின்ன அறையைப் பார்த்து ஒரு பெரிய சர்வாதிகாரம் பயந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பெர்லின்காரர்கள் பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களில் நமக்கு முக்கியமானவர் எர்வின் பிஸ்கேட்டர். நாடக இயக்குநர், கம்யூனிஸ்ட். பாட்டும் நையாண்டியும் கலந்த அரசியல் கதம்ப நிகழ்ச்சியை 1924லேயே கட்சிக்காக மேடையேற்றியவர். ரஷ்யா, பிரான்ஸ் என்று சுற்றிவிட்டு 1939ல் நியூ யார்க் வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே ஒரு நடிப்புப் பள்ளி ஆரம்பித்தார். நியூ ஸ்கூல் என்ற கல்வி நிறுவனத்தின் டிராமாட்டிக் ஒர்க்‌ஷாப். மார்லன் பிராண்டோ படித்த இடம் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

அந்தப் பள்ளிக்கு, சில வருஷங்கள் முன்பின்னாக, நம் இரண்டு பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

முதலாமவர் எலைன் ஸ்ட்ரிச். 1925ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அப்பா டயர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் சிகாகோவின் கார்டினல். அவ்வளவு ஆசாரமான கத்தோலிக்கக் குடும்பம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் படிப்பு. நடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தபோது, சரி போ, ஆனால் நியூ யார்க்கிலும் கன்னியாஸ்திரிகளின் விடுதியில்தான் தங்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட பெண்ணை பிராண்டோ ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். ராத்திரி அவர் வீட்டில் போய் முடிந்தபோது எலைன் பயந்துபோய் ஓடி வந்துவிட்டார். அதற்கப்புறம் பிராண்டோ பேச்சை நிறுத்திவிட்டாராம். ஐம்பது வருஷம் கழித்து மேடையில் இதைச் சொல்லிச் சிரித்தார் எலைன்.

இரண்டாமவர், பியாட்ரிஸ் ஆர்தர். அமெரிக்கர்கள் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிடும் பெயரைத் தமிழில் எழுதினால் வம்பு. எனவே நாம் முழுசாகவே கூப்பிடுவோம். 1922ல் நியூ யார்க்கில் பிறந்த யூதப் பெண். பிறந்தபோது வைத்த பெயர் பெர்னிஸ் ஃப்ராங்கல். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆண்பிள்ளைக் குரல். கதாநாயகிக்கு லாயக்கில்லை என்று ஒதுக்குவதற்கு இரண்டில் ஒன்றே போதும். இரண்டாவது உலகப்போர் சமயத்தில், 1943 முதல் 1945 வரை, அமெரிக்க மரைன் படையில் இருந்தார். லாரி ஓட்டினார். இந்த மரைன் விஷயத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அவர்கள் இளம்பெண்களாக நியூ யார்க்கில் வாய்ப்புத் தேடிய காலத்தில் அங்கேயும் இந்தச் சின்ன அறைகளின் மேல் போலீஸுக்கு ஒரு கண் இருந்தது. 1926லேயே காபரே சட்டம் வந்துவிட்டது. 1940லிருந்து 'காபரே கார்டு' என்று ஒன்று. மது விற்கும் கேளிக்கை விடுதியில் வேலை செய்கிற யாராக இருந்தாலும், பாடகரோ பரிமாறுபவரோ, போலீஸில் கைரேகை கொடுத்து அட்டை வாங்கவேண்டும். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் அட்டை கிடையாது. பில்லி ஹாலிடே என்ற மகா பாடகி 1947ல் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் 1948ல் கார்னகி ஹாலில் பாடினார். கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் உட்காரும் அரங்கம் நிரம்பி வழிந்தது. அது குற்றமில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் நூறு பேருக்கு முன்னால் பாட அனுமதியில்லை. 1959ல் சாகும்வரைக்கும் அந்த அட்டை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அட்டை முறை 1967ல் ஒழிந்தது. மூலச் சட்டம் ரத்தானது எப்போது? 2017ல்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

எலைனின் பிரச்னை, பயம். மேடை ஏறுமுன் வயிற்றைக் கலக்கும். பதின்வயதிலேயே அப்பாவின் கோப்பையில் ருசி பார்த்தவர், பயத்துக்கு மருந்தாக அதையே பிடித்துக்கொண்டார். ஒரு வாய் உள்ளே போனால்தான் கால் மேடைக்கு நகரும். ஒன்று இரண்டாகி, இரண்டு பழக்கமாகி, பழக்கம் நோயானது. இத்தனைக்கும் வேலையில் அசகாய சூரி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பிராட்வேயின் மகாராணி எதல் மெர்மன் ஒரு இசை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நடிக்க வேண்டிய மாற்று நடிகை எலைன். அதே சமயத்தில் இன்னொரு நாடகத்திலும் ஒரு பாட்டு கிடைத்தது. ஆனால் அந்த நாடகத்தின் முன்னோட்டம் நியூ ஹேவனில். ஏறத்தாழ எண்பது மைல். என்ன செய்தார்? நாடகம் ஆரம்பிக்க அரை மணி நேரம் இருக்கும்போது மெர்மனின் அறைக்குப் போய் எட்டிப் பார்ப்பார். அம்மா சௌக்கியமா? சௌக்கியம். அடுத்த விநாடி வண்டியேறி எண்பது மைல் பறப்பார். அவருடைய பாட்டு அங்கே இரண்டாம் பாதியில்தான். அந்த மெர்மன் கடைசிவரை ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்பதுதான் இதில் சோகம்.

டிவி எலைனை ஆரம்பத்திலேயே ஏமாற்றியது. 1951ல் ஜாக்கி க்ளீசனின் 'ஹனிமூனர்ஸ்' நகைச்சுவைத் துணுக்கில் டிரிக்ஸி என்ற பக்கத்து வீட்டுப் பெண்ணாக ஒரே ஒரு முறை வந்தார். அடுத்த முறையிலிருந்து அந்த வேடத்தில் வேறு நடிகை. அந்தத் தொடர் அமெரிக்க டிவி வரலாற்றில் நிரந்தர இடம் பிடித்தது.

மேடை கைவிடவில்லை. 1970ல் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் இசையமைத்த 'கம்பெனி' நாடகத்தில் அவருக்கு ஒரு பாட்டு. மதியச் சாப்பாட்டுக்குக் கூடி மதுவோடு பொழுதைக் கழிக்கும் பணக்காரப் பெண்மணிகளைப் பற்றிய கசப்பான பாட்டு. அதை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தபோது டி.ஏ. பென்னபேக்கர் படம் பிடித்தார். விடிய விடிய ஒலிப்பதிவு. எல்லோரும் முடித்துவிட்டார்கள். எலைன் பாட்டு மட்டும் அமையவில்லை. திரும்பத் திரும்பப் பாடுகிறார். குரல் கிழிகிறது. தன் மேலேயே எரிந்து விழுகிறார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களின் முகத்தில் சலிப்பு. கடைசியில் இசையை மட்டும் பதிவு செய்துகொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். சில நாள் கழித்து, அரிதாரத்தோடு வந்து நின்று அதையே அடித்துத் தூள் கிளப்பினார். படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் பகீரென்று இருக்கும். ஒரு நடிகை நம் கண்ணெதிரே தோற்பதையும் பிறகு ஜெயிப்பதையும் அதற்கு முன் யாரும் அவ்வளவு பக்கத்தில் காட்டியதில்லை.

பியாட்ரிஸின் பாதை நிதானமானது. 1954ல் 'த்ரீபென்னி ஆப்பரா'வில் லூசி வேடம். பிரெக்டும் குர்த் வைலும் பெர்லினில் எழுதியது. காபரே வாசனை அடிக்கும் நாடகம். கூட நடித்தவர் பெர்லினிலேயே புகழ் பெற்ற லோட்டே லெனியா, வைலின் மனைவி. 1966ல் 'மேம்' இசை நாடகத்துக்காக டோனி விருது. 1972ல் 'மாட்' என்ற டிவி தொடர். அத்தோடு வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாகிவிட்டார். வாய் நிறைய வசனம் பேசத் தேவையில்லை. சும்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாலே ஜனங்கள் சிரித்தார்கள்.

இனி 1985.

புளோரிடாவில் ஒரே வீட்டில் வசிக்கும் நான்கு வயதான பெண்கள். 'கோல்டன் கேர்ள்ஸ்'. அதில் டாரதி என்ற வேடத்துக்கு ஆள் தேடினார்கள். எழுதியவர் மனத்தில் இருந்தது பியாட்ரிஸ் ஆர்தர்தான். அந்த மாதிரி ஆள் என்றே குறிப்பெழுதியிருந்தார். ஆனால் அவர் உடனே பிடி கொடுக்கவில்லை. நடுவே எலைனைக் கூப்பிட்டார்கள். போனார். கையில் கொடுத்த வசனத்தில் தன் பங்குக்கு ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துப் படித்தார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அறையில் ஐஸ் கட்டிபோல் ஒரு மௌனம். தேங்க் யூ மேடம்.

வேடம் பியாட்ரிஸுக்கே போனது. ஏழு வருஷம், 180 எபிசோடுகள். 1988ல் அவருக்கு எம்மி விருது.

எலைன்? காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட கணவர் ஜான் பே 1982ல் மூளைப் புற்றுநோயில் இறந்திருந்தார். சர்க்கரை வியாதி வேறு. அதோடு குடி. ஒரு நாள் சர்க்கரை அளவு தாறுமாறாக இறங்கி, உயிர் போய்த் திரும்பி வந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் குடியை விட்டார். அறுபது வயதுக்கு மேல், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு சொட்டு உள்ளே இல்லாமல் மேடையேறப் பழக வேண்டியிருந்தது. நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர் நடக்கப் பழகும் குழந்தைபோல் ஆரம்பித்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

2001, நவம்பர். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டே மாதம். நியூ யார்க்கின் பப்ளிக் தியேட்டரில் எலைன் தன் சொந்தக் கதையைத் தானே பேசிப் பாடும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். 'அட் லிபர்ட்டி'. வேலையில்லாத நடிகர்கள் தங்களைப் பற்றிக் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளும் வார்த்தை அது. விடுதலை என்றும் அர்த்தம். காலியான மேடை. ஒரு ஸ்டூல். தொளதொளவென்று ஒரு வெள்ளைச் சட்டை, கீழே கறுப்பு டைட்ஸ். அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒற்றை ஆள். மெர்மன் கதை, பிராண்டோ கதை, டாரதி வேடத்தைக் கோட்டை விட்ட கதை. கணவர் செத்த கதை. குடித்த கதை. எல்லாவற்றையும் சொன்னார். பயந்தேன், அதனால் குடித்தேன், அதனால் தோற்றேன் என்று, சால்ஜாப்பு இல்லாமல்.

2002 பிப்ரவரியில் அது பிராட்வேக்கு வந்தது. அதே மாதம், சில நாள் முன்னதாக, இன்னொரு பிராட்வே அரங்கில் இன்னொரு அம்மாள் வெறுங்காலோடு மேடைக்கு வந்திருந்தார். கூட பியானோவில் பில்லி கோல்டன்பெர்க். பியாட்ரிஸ் ஆர்தரேதான்! பாட்டு, பழங்கதை, ஜோக். நண்பர்களுக்குள் பேசிக்கொள்வது மாதிரி ஒரு நிகழ்ச்சி. தலைப்பிலேயே அப்படித்தான் போட்டிருந்தார்.

அரங்கங்கள் என்னவோ பெரிசுதான். ஒன்றில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். மற்றதில் எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இரண்டு பேரும் செய்தது அக்மார்க் காபரே. பெரிய அரங்கத்தைச் சின்ன அறையாகச் சுருக்கிக் காட்டுகிற வித்தை.

இங்கேதான் வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். எலைன் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினார். பியாட்ரிஸ் தான் சந்தித்த மனிதர்களைப் பற்றிச் சொன்னாரே தவிர, தன்னை லேசாகத்தான் திறந்து காட்டினார். அவர் வாழ்க்கையில் கதைக்கா பஞ்சம்? மரைன் படையில் லாரி ஓட்டிய நடிகை வேறு யார் இருந்தார்கள்? ஆனால் ஒரு பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டபோது, அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். ராணுவ ஆவணங்கள் வெளியே வந்தது 2010ல். அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து.

அந்த வருஷம் டோனி விருதுகளில் 'சிறப்பு நாடக நிகழ்ச்சி' என்ற பிரிவு. பட்டியலில் இருவர் பெயரும் இருந்தது. ஜெயித்தவர் எலைன். பதினேழு வருஷத்துக்கு முன்னால் டாரதி வேடத்தை இழந்த கதையைச் சொல்லிச் சொல்லியே, அந்த வேடத்தில் நடித்தவரைப் பரிசில் முந்திவிட்டார். நான் படித்த பி.காம்.மில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வாராக்கடன் வசூல்.

ஆனால் கணக்கு அங்கேயும் நேராகவில்லை. பரிசை வாங்கிக்கொண்டு எலைன் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே போனார். நேரமாகிவிட்டது என்று ஆர்கெஸ்ட்ராவை வாசிக்கச் சொல்லி அவர் பேச்சை அமுக்கினார்கள். இரண்டு மணி நேரம் ஒற்றை ஆளாக ஜனங்களைக் கட்டிப்போட்டவருக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கவில்லை. உள்ளே போய் அழுதார்.

அதற்குப் பிறகுதான் அந்த நிஜமான சின்ன அறை.

நியூ யார்க்கின் மேடிசன் அவென்யூவில் கார்லைல் ஹோட்டல். 1930ல் திறந்தது. அதனுள்ளே கஃபே கார்லைல். சுவரெல்லாம் மார்செல் வெர்டே வரைந்த சித்திரங்கள். சுமார் தொண்ணூறு பேர் உட்காரலாம். 1968லிருந்து 2004வரை அங்கே பாபி ஷார்ட் என்ற கறுப்பினக் கலைஞர் பியானோ வாசித்துப் பாடினார். முப்பத்தாறு வருஷம், ஒரே அறை. 2005 மார்ச்சில் அவர் காலமானார். அந்த வருஷம் செப்டம்பரில் அங்கே பாட வந்தவர் எலைன் ஸ்ட்ரிச். குடியிருந்ததும் அதே ஹோட்டலில்தான். லிஃப்ட்டில் இறங்கினால் ஆபீஸ். எண்பது வயதில் அவருடைய முதல் காபரே நிகழ்ச்சி.

2013ல் வெளிவந்த 'ஷூட் மி' ஆவணப்படத்தில் இந்தக் கட்டத்தைப் பார்க்கலாம். பார்வை மங்குகிறது. சர்க்கரை ஏறி இறங்குகிறது. கொடுமை என்னவென்றால் வார்த்தை மறக்கிறது. பியானோவில் இருக்கும் ராப் போமன் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். பிடித்துக்கொண்டு ரெண்டு வரி போவார். மறுபடி மறந்துவிடும். வேறொருவராக இருந்தால் விளக்கை அணைக்கச் சொல்லியிருப்பார்கள். எலைன் அந்த மறதியையே நிகழ்ச்சியாக்கினார். தடுமாறினால் தன்னையே திட்டிக்கொள்வார். ஜனங்களைப் பார்த்து முறைப்பார். அறை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் தெம்பு வந்து பாட்டு தொடரும். இருபது வருஷத்துக்கு மேல் குடிக்காமல் இருந்தவர், கடைசிக் காலத்தில் தினம் ஒன்றே ஒன்று என்று மறுபடி ஆரம்பித்ததையும் கேமரா முன்னால் மறைக்கவில்லை. புனிதையாகக் காட்டிக்கொள்ளும் ஆசை அவருக்கு இல்லை.

2013 ஏப்ரலில் அதே அறையில் விடைபெற்றார். மிச்சிகனுக்கு, சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். 2014 ஜூலை 17ல் மறைந்தபோது வயது 89.

டிவியில் நடிப்பவரைக் கோடிப் பேர் பார்க்கிறார்கள். ஆனால் அவர் யாரையும் பார்ப்பதில்லை. சரியாக வரவில்லையென்றால் இன்னொரு டேக். காபரேவில் தொண்ணூறு பேர்தான். அந்தத் தொண்ணூறு பேரையும் அவர் பார்த்தாக வேண்டும். டிவியும் மேடையும் கொடுத்த பணத்தையும் பேரையும் இந்த அறை ஒரு நாளும் கொடுக்காது. ஆனாலும் வயதான காலத்தில் இந்த இருவரும் ஏன் இதற்குள் போய் நின்றார்கள்? நாடகத்தில் இன்னொருத்தியின் பெயர், டிவியில் இன்னொருத்தியின் பெயர். இங்கேதான் சொந்தப் பெயர். எலைன் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். பியாட்ரிஸ் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியைப் பூட்டி வைத்துக்கொண்டார். அவர் நெருங்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கடைசியாக ஒரு தகவல் சொல்கிறேன், பாருங்கள்.

2005ல் பியாட்ரிஸ் ஆர்தர் தன் ஒற்றையாள் நிகழ்ச்சியை நியூ யார்க்கில் ஒரே ஒரு நாள் நடத்தினார். சம்பளத்துக்கு இல்லை. தன்பால் ஈர்ப்பு உடையவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று தெரிந்ததும் பெற்றவர்களால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் அந்த நகரத்தின் தெருக்களில் தூங்குகிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்கும் அலி ஃபோர்னி சென்டர் என்ற அமைப்புக்கு நிதி திரட்டத்தான் அந்த நிகழ்ச்சி. தெருவிலேயே வாழ்ந்து, 1997ல் தெருவிலேயே கொல்லப்பட்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய அமைப்பு அது.

2009 ஏப்ரல் 25ல் பியாட்ரிஸ் இறந்தார். உயிலைப் பிரித்தார்கள். அந்த அமைப்புக்கு மூன்று லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார். பொருளாதார மந்தத்தில் வாடகைக்கே திண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பணம் வந்து அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

2017ல் நியூ யார்க்கில் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு கட்டடம் திறந்தார்கள். பதினெட்டுப் படுக்கைகள். வாசலில் பியாட்ரிஸின் பெயர்.